நகராட்சித் தெரு மரங்களைக் கணக்கெடுக்கப் போகிறோம்: எதை எழுதுவது, எதை விடுவது?

#1 வடவாற்றுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். டெல்டாவில் ஒரு சின்ன நகராட்சி எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா அடித்துப் போட்டதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு மரம் நட்டார்கள். பள்ளிக்கூடம், கட்சிக்காரர்கள், கல்யாண வீட்டில் கன்று கொடுப்பவர்கள், யாரும் பாக்கி இல்லை. எதை எங்கே நட்டார்கள், எது பிழைத்தது என்று கேட்டால் யாரிடமும் ஒரு தாள் கிடையாது.

இப்போது நாலைந்து தெருவில் மழைநீர் வடிகால் வேலை வரப்போகிறது. எந்தெந்த மரம் போகும் என்று போய்க் கேட்டோம். "எஸ்டிமேட்டில் மரமே காட்டலையே" என்று பதில் வந்தது. வரைபடத்தில் கரண்ட் கம்பம் இருக்கிறது, அடிபம்பு இருக்கிறது, அறுபது வருஷத் தூங்குமூஞ்சி மரம் மட்டும் இல்லை.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து தெரு மரங்களைக் கணக்கெடுக்கலாம் என்று இருக்கிறோம். என்னென்ன குறிக்க வேண்டும், போனில் எடுத்தால் போதுமா, மரத்தில் எண் எழுதணுமா, யாரிடமாவது அனுமதி வாங்கணுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பச்சைத்துண்டு_பாலா

கணக்கெடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் நண்பரே? அந்த நேரத்தில் ஆயிரம் கன்று நட்டுவிடலாம். மியாவாக்கி முறையில், அதாவது கன்றுகளை நெருக்கி நட்டு, ஒரு குறுங்காடு போட்டால் மூணு வருஷத்தில் ஊரே குளுகுளு. அரசாங்கமே 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பித்து மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டு போகணும் என்கிறது. நடுவதுதான் வேலை, எண்ணுவது இல்லை.

#3 வடவாற்றுக்காரன்

பாலா, மியாவாக்கி போட ஒரு திடல் வேண்டும். நான் பேசுவது தெருவோரம், சாக்கடைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ரெண்டடி மண். எங்கள் ஊரில் ஒரே இடத்தில் வருஷா வருஷம் கன்று நடுகிறார்கள், ஜூன் 5ஆம் தேதி போட்டோவோடு. எண்ணிப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் ஏன் எதுவும் பிழைப்பதில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

#4 ரிட்டயர்டு_ஓவர்சீயர்

தம்பி, முப்பது வருஷம் உள்ளாட்சியில் குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மரக் கணக்கே கிடையாது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. நெடுஞ்சாலைப் புளியமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்களே, அது எதற்கு? வருஷா வருஷம் புளி மகசூலை ஏலம் விட. விழுந்தால் கட்டையை ஏலம் விட. கிராமக் கணக்கில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு, புறம்போக்கில் நிற்கிற மரத்தின் பலனை ஒருவர் அனுபவித்துக்கொள்ளலாம், நிலம் சர்க்காருடையது. அதாவது மரத்திலிருந்து காசு வரும் என்றால் எழுதி வைத்தார்கள். தெருவில் நிற்கிற புங்கையும் பூவரசும் என்ன காசு தரும்? அதனால் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

அடுத்தது, நீங்கள் எண்ணப்போகும் மரம் எல்லாம் நகராட்சி மரம் இல்லை. ஊர் நடுவே போகிற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். குளத்தங்கரை நீர்வளத்துறையிடமோ வருவாய்த் துறையிடமோ இருக்கும், கோயில் இடம் அறநிலையத் துறை. ஒவ்வொரு மரத்துக்கும் "யார் இடம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். இது இல்லாத பட்டியலைக் கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "இது எங்க லிமிட் இல்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானே அனுப்பியிருக்கிறேன்.

நகராட்சியில் மரத்துக்கென்று ஓர் ஆள் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் அதை மாறி மாறித் தள்ளிவிடும். வருகிற மனுக்கள் எப்படி இருக்கும் தெரியுமா? இலை கொட்டுகிறது, கடைப் போர்டு மறைகிறது, சிசிடிவி மறைகிறது, கம்பளிப்பூச்சி, காக்கா எச்சம். "இந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று ஒரு மனுவும் என் கைக்கு வந்ததில்லை.

எண்ணுவதற்கு அனுமதி தேவையில்லை, தெருவில் நின்று மரத்தைப் பார்க்க யார் தடுப்பார்கள்? பொது இடத்து மரத்தை வெட்டத்தான் இப்போது மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போகணும், கலெக்டர் தலைமை. இருந்தாலும் கமிஷனருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

#5 மாட்டுங்கா_மணி

ஓவர்சீயர் ஐயா சொன்னதைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவன். இங்கே 1975லேயே நகர மரங்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. மர ஆணையம், மர அதிகாரி, அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, எல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. 2018இல் வெளிவந்த கணக்குப்படி மும்பையில் சுமார் 29.75 லட்சம் மரங்கள். 2021இல் திருத்தம் கொண்டுவந்து 50 வயது தாண்டியதைப் பாரம்பரிய மரம் என்றார்கள், அதை வெட்டினால் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்று நடவேண்டும். கர்நாடகத்தில் 1976இல் சட்டம், தில்லியில் 1994இல். தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955லேயே சட்டம் போட்டார்கள், சமவெளி ஊருக்கு அந்த மாதிரி ஒன்று வரவில்லை.

ஆனால் சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் சொசைட்டி வாசலில் ஒரு மழைமரம் இருந்தது. கணக்கில் இருந்தது, எண் இருந்தது, "ஆரோக்கியம்: நல்லது" என்று எழுதியும் இருந்தது. அடிமரத்தில் கை நுழைகிற பொந்து. எண்ண வந்த பையன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று போனில் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு ஜூலை மழையில் சாய்ந்து ரெண்டு கார் காலி. எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும்.

#6 செடிகொடி_டீச்சர்

மணி சொன்னதுதான் முக்கியம். மரத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடக்காமல் எதையும் எழுதக் கூடாது என்று முதலிலேயே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். என் மாணவர்களை வைத்து எங்கள் தெருக்களில் செய்தபோது கடைப்பிடித்ததைச் சொல்கிறேன்.

சுற்றளவு தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில். ஒரு குச்சியில் அந்த உயரத்தைக் குறித்து எடுத்துப் போங்கள், இல்லையென்றால் உயரமான பையன் ஓர் இடத்திலும் குள்ளமான பையன் வேறோர் இடத்திலும் டேப்பைச் சுற்றுவார்கள். தையல்காரர் டேப் போதும், பெரிய மரத்துக்கு மேஸ்திரி டேப். 3.14ஆல் வகுத்தால் விட்டம். ஆலமரம் என்றால் நடுமரம் மட்டும், விழுதுகளைச் சேர்க்காதீர்கள். நாலரை அடிக்குக் கீழேயே ரெண்டாகப் பிரிந்திருந்தால் ரெண்டையும் தனித்தனியாக அளந்து "ஒரே மரம்" என்று குறிப்பு எழுதுங்கள்.

இனம் கண்டுபிடிப்பதில் எல்லாரும் தடுக்கி விழுவது குல்மோஹருக்கும் பெருங்கொன்றைக்கும் இடையில். பூவிருந்தால் சிவப்பு, மஞ்சள் என்று குழந்தையும் சொல்லும். பூ இல்லாத மாதத்தில் இலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காயைப் பாருங்கள். குல்மோஹர் காய் முழங்கை நீளத்துக்கு, கட்டை மாதிரி கெட்டியாகத் தொங்கும். பெருங்கொன்றைக் காய் விரல் நீளம்கூட இருக்காது, தட்டையாக, செம்பு நிறத்தில், கொத்துக் கொத்தாக. காயும் இல்லையா? துளிர் நுனியைத் தடவிப் பாருங்கள், பெருங்கொன்றையில் துருப்பிடித்த நிறத்தில் வெல்வெட் மாதிரி ரோமம் இருக்கும். வாகை, கொன்றை என்று வெறுமனே எழுத விடாதீர்கள், ஊருக்கு ஊர் அது வேறு வேறு மரம். முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கட்டும், தெரியாவிட்டால் "தெரியவில்லை" போட்டு இலை, காய், பட்டை மூன்றுக்கும் போட்டோ.

அப்புறம் உடல்நிலை. நல்லது, சுமார், மோசம் என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள்: அடியில் காளான் இருக்கிறதா, பொந்து எத்தனை விரல் ஆழம், பட்டை எந்தப் பக்கம் உரிந்திருக்கிறது, காய்ந்த கிளை ரோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா, சாய்ந்திருந்தால் வேர்ப்பக்கம் மண் விரிசல் விட்டிருக்கிறதா. ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கூடாக இருக்கிற இடம் சத்தத்திலேயே தெரியும். ஆணி, கம்பி, போர்டு இருந்தால் அதையும். எங்கள் தெருவில் ஒரு புங்கை, யாரோ எப்போதோ வைத்த இரும்புக் கூண்டைப் பாதி விழுங்கிவிட்டது. கூண்டில் எழுதியிருந்த உபயதாரர் பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும்தான் இப்போது வெளியே தெரிகிறது.

#7 வடவாற்றுக்காரன்

டீச்சர், ரொம்ப நன்றி. நேற்று ஒரு சின்ன சந்தில் ஒத்திகை பார்த்தோம். ரெண்டு பிரச்சனை. ஒன்று, சாக்பீஸால் மரத்தில் எண் போட ஆரம்பித்ததுமே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டி ஓடிவந்துவிட்டார். "யாரைக் கேட்டுடா வெட்ட வந்தீங்க?" ரோடு அகலப்படுத்த வருகிறவர்கள்தான் எண் போடுவார்கள் என்று எல்லாருக்கும் பதிந்துவிட்டது. விளக்கிச் சொன்ன பிறகு அந்த மரம் எந்த வருஷம் யார் நட்டது என்கிற வரலாறு முழுக்கக் கிடைத்தது, அது வேறு விஷயம்.

ரெண்டாவது, போனில் ஜிபிஎஸ் இடம் தாறுமாறாகக் காட்டுகிறது. ஒரு வேம்பு பக்கத்து வீட்டு மாடியில் நிற்கிறது.

#8 வரைபடப்பித்தன்

மரத்தடியில் நின்றால் அப்படித்தான், அஞ்சு பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சர்வ சாதாரணம். மேலே இலைக்கூரை, பக்கத்தில் சுவர். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். மின்கம்பத்தில் எண் எழுதியிருப்பார்கள் இல்லையா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இந்தக் கம்பத்திலிருந்து கிழக்கே 7 மீட்டர், ரோட்டின் வடபுறம்" என்று எழுதிவிட்டால் பத்து வருஷம் கழித்து யார் வந்தாலும் அதே மரத்தின் முன்னால் வந்து நிற்கலாம். மரத்தில் எண் எழுதவே வேண்டாம், பாட்டிக்கும் நிம்மதி.

2015இல் நியூயார்க்கில் தெரு மரம் எண்ணினார்களே, அதிலும் இதே தந்திரம்தான். 2,200க்கும் மேற்பட்ட தொண்டர்கள், கையில் சக்கரம் வைத்த அளவுகோல், தெருமுனையிலிருந்து மரத்துக்கு எத்தனை தூரம் என்று உருட்டிக்கொண்டே போனார்கள். 6,66,134 மரம். ஒவ்வொன்றும் பொது வரைபடத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். அந்த ஊரில் தெருத்தெருவாக ஏழு வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மரத்துக்கும் கிளை கழிக்கிற சுற்று ஒன்று ஓடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அந்தச் சுற்றைத் திட்டமிட முடியும்?

போனில் எடுத்தால் போதுமா என்று கேட்டீர்கள். போனிலேயே படிவம் நிரப்ப கோபோ டூல்பாக்ஸ் என்கிற மென்பொருள் இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். பிறகு கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் கட்டம் அதிகம் வைக்காதீர்கள், இருபதுக்கு மேல் போனால் வெயில் ஏறிய பிறகு பிள்ளைகள் கண்டதைத் தட்டிவிடுவார்கள்.

#9 ஈசூன்_சேகர்

இங்கே சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2018இல் மர வரைபடம் ஒன்று போட்டது, 5 லட்சத்துக்கும் மேல். என் புளோக் கீழே இருக்கிற மழைமரத்தைத் தட்டினால் இனம், சுற்றளவு எல்லாம் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அசல் வேலை அதற்குப் பின்னால் இருக்கிற ஆய்வாளர்கள்தான். பயிற்சி பெற்றவர்கள் குறித்த இடைவெளியில் வந்து பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் மரத்துக்குள் ஒலி அனுப்பி உள்ளே கூடாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி வைத்திருக்கிறார்கள்.

அப்படியும் 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 வயதுக்கு மேலான ஒரு தெம்புசு மரம் வேரோடு விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் அந்த மரத்தைப் பார்த்திருந்தார்கள். அதனால் கணக்கெடுத்துவிட்டால் இனி மரமே விழாது என்று ஊரில் யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி, முதல் மரம் விழுந்ததும் உங்களைத்தான் கேட்பார்கள்.

#10 லைன்மேன்_மகன்

எல்லாரும் ஈபி மேல் பாயுமுன் நான் முந்திக்கொள்கிறேன். மாதாந்திர ஷட்டவுன் நாளில் கையில் இருப்பது சில மணி நேரம், ஆள் ரெண்டு மூணு பேர், ஃபீடர் கிலோமீட்டர் கணக்கில். லைனைத் தொடுகிற கிளையை எங்கே எட்டுகிறதோ அங்கே வெட்டிவிட்டுப் போவார்கள். பக்குவமாகக் கிளை கழிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

அதன் விளைவு மோசம்தான், மறுக்கவில்லை. மொட்டையடித்த இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்த்து வரும் கிளைகள் மேல்பட்டையை ஒட்டி வளர்ந்தவை, நடுமரத்தில் பிடிப்பு கிடையாது. ரெண்டே வருஷத்தில் திரும்ப லைனைத் தொடும், காத்தடித்தால் முதலில் முறிவதும் அதுதான். சரியான முறை மூன்று வெட்டு. நடுமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி, அதைவிடக் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுதாக. பாரம் இறங்கிவிடும். மிச்சக் கட்டையைக் கிளை புறப்படும் இடத்தில் மோதிரம் மாதிரி தடித்திருக்குமே, அதைத் தொடாமல் அதற்கு வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் மரமே காயத்தை மூடிக்கொள்ளும், தார் பெயின்ட் எதுவும் பூசத் தேவையில்லை. கீழிருந்து வெட்டாமல் மேலிருந்தே ஒரே வெட்டாக வெட்டினால் கிளை பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கும், அங்கேதான் பொந்து ஆரம்பம்.

உங்கள் கணக்கில் "மேலே லைன் உண்டா, ஹெச்டியா (உயர் அழுத்தம்) எல்டியா (தாழ்வழுத்தம்)" என்று ஒரு கட்டம் வையுங்கள். அந்தப் பட்டியலை எங்கள் ஏஇயிடம் (மின்வாரிய உதவிப் பொறியாளர்) கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் ஆவணியில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். சித்திரை வெயிலில் நிழலை வெட்டிவிட்டு ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவது குறையும்.

#11 பச்சைத்துண்டு_பாலா

சரி சரி, எண்ணுங்கள். ஆனால் எண்ணி முடித்ததும் காலி இடத்தில் நடுவதற்கு எது நல்லது என்றும் சொல்லுங்கள். சீக்கிரம் வளரணும். கோனோகார்பஸ்?

#12 செடிகொடி_டீச்சர்

பாலா!! குஜராத் 2023லேயே அதை நடக்கூடாது என்று சொல்லிவிட்டது. வேர் குழாய்க்குள் போகும், மகரந்தத் தொல்லை வேறு.

ஒரே இனத்தைத் தெரு முழுக்க நடவும் வேண்டாம். அமெரிக்காவில் சான்டமோர் என்கிற தாவரவியலாளர் 1990இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஓர் இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30. தெலங்கானாவில் 2021இல் வேப்பமரங்கள் நுனியிலிருந்து வரிசையாகக் கருகினதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். கணக்கெடுத்தால்தான் உங்கள் ஊரில் எது மிஞ்சிப் போயிருக்கிறது என்று தெரியும், அதற்கேற்ப புன்னை, மகிழம், நாவல், இலுப்பை, மருது என்று இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். லைனுக்குக் கீழே மருது வேண்டாம். "காலி இடம்" என்பதையும் கணக்கில் ஒரு பதிவாக எடுங்கள், மரம் மாதிரியே.

#13 ரிட்டயர்டு_ஓவர்சீயர்

நடுவது இருக்கட்டும், வடிகால் எப்போது தொடங்குகிறது? அதுதான் அவசரம். ஊர் முழுக்க எண்ணப் போனால் நீங்கள் மூணாவது வார்டு வருவதற்குள் ஜேசிபி வந்துவிடும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா வந்தபோது சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். மறுநாள் நடந்து பார்த்தால் சாய்ந்து கிடந்த பல மரங்களுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. ஒரு காலத்தில் யாரோ கேபிளுக்கோ கால்வாய்க்கோ நேர்கோடாக வெட்டியிருக்கிறார்கள், வெட்டின முனை கறுத்துப் போயிருந்தது. மீதிப் பக்கம் சிமென்ட். பிரிட்டிஷ் தர விதிப்படி மரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் தோண்டக் கூடாது. 40 சென்டிமீட்டர் மரத்துக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர். நம் தெருவே அவ்வளவுதான் இருக்கும், அதனால் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். கேட்க வேண்டியது வேறு: பெரிய மரம் அதிகமுள்ள பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் வடிகாலைக் கொண்டு போக முடியுமா, முடியாத இடத்தில் மரத்தடியில் மட்டும் கடப்பாரையால் கையாலேயே தோண்ட வைக்க முடியுமா, மணிக்கட்டு கனமுள்ள வேரை வெட்டாமல் அதன் கீழே குழாயாக நுழைத்துப் போக முடியுமா. எஸ்டிமேட் போடும்போதே கேட்டால் இதெல்லாம் முடியும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் "எக்ஸ்ட்ரா ஐட்டம்" ஆகிவிடும், ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

வேலை முடிந்ததும் மரத்தின் கழுத்து வரை கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். தில்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் சுற்றிலும் ஒரு மீட்டர் மண்ணாக விடச் சொல்லி உத்தரவு போட்டது. நம் ஊரைக் கட்டுப்படுத்துமா என்று வாதம் செய்துகொண்டிருக்காமல், அதை மேற்கோள் காட்டி மனுவில் எழுதுங்கள், வேலை நடக்கும்.

#14 வடவாற்றுக்காரன்

எல்லாவற்றையும் படித்துவிட்டுத் திட்டத்தைக் குறைத்துவிட்டோம். ஊர் முழுக்க இல்லை, வடிகால் வரும் தெருக்கள் மட்டும் முதலில். கட்டங்கள்: கம்ப எண்ணும் தூரமும், யார் இடம், இனம், சுற்றளவு, மேலே லைன், கண்ணால் பார்த்த குறைகள், சிமென்ட் மூடியிருக்கிறதா, நாலு போட்டோ. கடைசியில் ரெண்டு: "என்ன செய்யணும்", "எப்போது திரும்பப் பார்க்கணும்". மணி சொன்ன மழைமரக் கதைக்குப் பிறகு அந்த ரெண்டும் காலியாக இருந்தால் படிவத்தை அனுப்பவே முடியாதபடி செய்துவிட்டார் பித்தன்.

நகராட்சி ஜேஇயிடம் (இளநிலைப் பொறியாளர்) பேசினோம். வடிகால் எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லையாம், மாத முடிவுக்குள் பட்டியல் கொடுத்தால் பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஓவர்சீயர் ஐயாதான் சொல்லணும்.

#15 ரிட்டயர்டு_ஓவர்சீயர்

பார்க்கிறேன் என்றால் ஞாபகப்படுத்து என்று அர்த்தம். பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். தெருவாரியாகப் பிரித்து, ஒரு தெருவுக்கு ஒரு பக்கம், மேலே சின்ன வரைபடம், கீழே மரங்கள். கமிஷனர் பெயருக்கு முகவரி, நகல் உதவிப் பொறியாளருக்கும் வார்டு கவுன்சிலருக்கும். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலரை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள், அவர் வீட்டு வாசல் மரத்தின் பக்கத்தை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.

#16 வரைபடப்பித்தன்

படிவத்தின் சுட்டியை வடவாற்றாருக்குத் தனிமடலில் அனுப்பிவிட்டேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், உங்கள் ஊர் மரப்பட்டியலை மட்டும் டீச்சரிடம் சரிபார்த்து அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.